உழைக்கும் கைக்கு வரும் ஒரு நோய்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நேற்று முழுவதும் சாலை, குடிநீர், வரி வசூல், தணிக்கைத் தடை என்று கேட்டுக் களைத்திருப்பீர்கள். இன்று எனக்குக் கொடுத்துள்ள நேரத்தில் கையைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறேன். கிணற்று மோட்டார் பழுதானால் அன்று மாலையே மெக்கானிக்கைத் தேடி ஆள் போகிறது. பம்பு ஓடாவிட்டால் பயிர் காய்ந்துவிடும் என்பது நமக்குத் தெரிகிறது. ஆனால் வீட்டில் பால் கறக்கும் பெண்ணின் கை மரத்துப் போனால், ஆறு மாதம் ஒரு வருஷம் என்று அது தள்ளிக்கொண்டே போகிறது. அந்தத் தாமதத்தின் விலை என்ன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நான் வைத்தியன் அல்லன். வட்டார மருத்துவ அலுவலர்களிடம் கேட்டறிந்ததையும், நூல்களில் படித்ததையும், ஊர்களுக்குச் செல்லும்போது கண்டதையும் சேர்த்தே சொல்கிறேன். பால் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் காலை வேளையில் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பால் ஊற்ற வரிசையில் நிற்கும் பெண்களில் சிலர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு நிற்பார்கள். கேட்டால், "ராத்திரியில் கை செத்துப் போகிறது" என்பார்கள். நாலு மணிக்குக் கறவைக்கு எழ வேண்டும். ஆனால் இரண்டு மணிக்கே கை எழுப்பிவிடுகிறது என்று ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார். இதனை வாயு என்பர் சிலர்; நரம்புத் தளர்ச்சி என்பர் சிலர்; இரத்தம் ஓடவில்லை என்பர் வேறு சிலர். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவோர் பலர். மணிக்கட்டில் கயிறு மந்திரித்துக் கட்டுவோரும், சூடு போட்டுக்கொள்வோரும்கூட இன்னும் இருக்கிறார்கள். நரம்பு உணர்விழந்த இடத்தில் சூடு போட்டால் புண் எவ்வளவு ஆழமாயிற்று என்பதே தெரியாது. அதனை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

இந்த உபாதைக்கு மருத்துவர்கள் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்று பெயர் சொல்கிறார்கள். மணிக்கட்டுக் குகை நோய் என்று நாம் சொல்லலாம்.

மணிக்கட்டுக்குள் ஒரு சிறுபாலம்

சாலையின் குறுக்கே வாய்க்கால் நீர் போவதற்கு நாம் கட்டும் சிறுபாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் அதைப் போன்றதொரு வழி இருக்கிறது. அதன் அடியும் பக்கங்களும் எட்டுச் சிறிய எலும்புகளால் ஆன வளைவு. அதன்மேல் மூடுபலகையைப் போல, உள்ளங்கையின் அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை குறுக்கே கட்டப்பட்டிருக்கிறது. ஒரு கட்டைவிரல் அளவே அகலமுள்ள இவ்வழியே ஒன்பது தசைநாண்கள் செல்கின்றன. விரல்களை மடக்குவதற்கு இழுபடும் கயிறுகள் இவை. நான்கு விரல்களுக்குத் தலைக்கு இரண்டும், கட்டைவிரலுக்கு ஒன்றும் ஆக ஒன்பது. இவற்றோடு நடு நரம்பு என்பதும் அதே வழியில்தான் போகிறது. எலும்பும் இளகாது, பட்டையும் இளகாது, கயிறுகளும் கெட்டியானவை. உள்ளே போகிறவற்றில் மென்மையானது நரம்பு ஒன்றே. எனவே உள்ளே சிறிது வீக்கம் ஏற்பட்டாலும் நசுங்குவது நரம்புதான்.

எவ்வளவு நசுங்குகிறது என்பதை 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, இரத்த அழுத்தத்தை அளப்பதுபோலப் பாதரச மில்லிமீட்டரில் கணக்கிட்டார்கள். நோயில்லாதவர் கையை நேராக வைத்திருக்கும்போது அழுத்தம் சராசரியாக 2.5. நோயுள்ளவருக்கு அதே நிலையில் 32. மணிக்கட்டை முழுவதும் உட்புறம் மடக்கியபோது நோயாளியின் கையில் அது 94 வரை ஏறியது. நோயில்லாதவர் கையிலும் மடக்கும்போது 31 ஆகிறது. இந்தக் கடைசி எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டை மடக்கியபடி நெடுநேரம் வேலை செய்தால், நல்ல கையிலும் நோயாளியின் கைக்குச் சமமான அழுத்தம் உண்டாகிறது என்பதே அதன் பொருள்.

அழுத்தம் மிகும்போது முதலில் நரம்புக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. அந்நிலையில் மரமரப்பு வந்து, கையை உதறினால் போய்விடும். அழுத்தம் நீடித்தால் நரம்பிழைகளின் மேலுறை தேய்கிறது. மின்கம்பியின் மேலுறை உரிவதைப் போன்றது இது. இன்னும் நீடித்தால் உள்ளிழையே அழிகிறது. முதல் இரண்டு நிலைகளிலும் மீட்சி உண்டு. மூன்றாம் நிலையில் மீட்சி அரைகுறைதான். தாமதத்தின் விலை என்று தொடக்கத்தில் நான் சொன்னது இதைத்தான்.

அடையாளம் காண்பது எப்படி?

நடு நரம்பு எந்தெந்த விரல்களுக்கு உணர்வு கொடுக்கிறதோ அந்தந்த விரல்களில் மட்டுமே இந்நோய் தெரியும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை அடுத்த பாதி ஆகியவையே அவை. சுண்டுவிரல் தப்பிவிடும். சுண்டுவிரலுக்கு வேறொரு நரம்பு வேறொரு வழியில் வருகிறது. ஆகவே யாரேனும் கை மரக்கிறது என்று சொன்னால், "சுண்டுவிரல் எப்படி?" என்று முதலில் கேளுங்கள். எல்லா விரலும் மரக்கிறது என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். அன்றிரவு மரத்துப் போகும்போது ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்து மறுநாள் வந்து சொல்லுங்கள் என்றால், பதில் பல சமயம் மாறிவிடும். உள்ளங்கையின் தோலிலும் உணர்வு கெடாது. அதற்குரிய கிளை நரம்பு குகைக்குள் நுழையாமல் மேலாகவே சென்றுவிடுகிறது.

இரவில் அதிகமாவது இந்நோயின் இயல்பு. தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். படுத்த நிலையில் கைகளில் நீர் சேருவதும் ஒரு காரணம் என்கிறார்கள். பகலில் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசும்போதும், மோட்டார் சைக்கிளின் கைப்பிடியை இறுகப் பிடித்து ஓட்டும்போதும் விரல்கள் மரக்கலாம். பிறகு பிடி தளர்கிறது. சட்டைப் பித்தான் போட முடிவதில்லை. ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. டம்ளர் கை நழுவுகிறது. முற்றிய நிலையில் கட்டைவிரலின் அடியில் மேடாக உள்ள சதை வற்றிப் பள்ளமாகிவிடும். இரு கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இந்த மேடு வற்றத் தொடங்கியவரை ஒரு வாரம்கூடத் தாமதியாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரில் பணியாற்றிய ஜார்ஜ் ஃபேலன் என்ற மருத்துவர் 1950களில் பரப்பியது அது. இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையை நோக்கும்படி மணிக்கட்டுகளை மடக்கி ஒரு நிமிஷம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் மேற்சொன்ன விரல்களில் மரமரப்பு வந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. மருத்துவர்கள் மணிக்கட்டின் மேல் விரலால் மெல்லத் தட்டியும், அரை நிமிஷம் அழுத்தியும் பார்ப்பார்கள். இவற்றில் எதுவும் தனியே முடிவான சாட்சியன்று. நோயில்லாதவருக்கும் சில சமயம் மரக்கும். நோயுள்ளவருக்கும் சில சமயம் மரக்காது. நோயாளி சொல்லும் வரலாறே பாதி நோயை உறுதி செய்துவிடும். எஞ்சியதை நரம்பு கடத்தல் சோதனை தெளிவாக்கும். தோலின் மேல் சிறு மின்துடிப்புக் கொடுத்து, அது மணிக்கட்டைக் கடந்து விரலுக்குப் போக எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது இச்சோதனை. நசுங்கிய இடத்தில் வேகம் குறையும். சுரீரென்று இருக்கும், ஆபத்தில்லை. மின்சாரம் வைக்கிறார்கள் என்று பயந்து பாதியில் எழுந்து வந்தவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இச்சோதனை செய்கிறார்கள். அல்ட்ராசவுண்டு கருவியால் நரம்பு வீங்கியிருப்பதைப் பார்ப்பதும் இக்காலத்தில் வழக்கத்துக்கு வந்திருக்கிறது.

கை மரப்பெல்லாம் இந்நோய் அன்று. கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பு நெருக்கப்பட்டால் வலி கழுத்திலிருந்து தோள் வழியாக இறங்கும். சர்க்கரை நோயால் வரும் மரப்பு பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி இரு பக்கமும் சமமாக ஏறும். ஒரு பக்கக் கையும் காலும் திடீரெனச் செயலிழந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். அந்த நிமிஷமே 108ஐ அழைக்க வேண்டும். தொழுநோயையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. தோலில் உணர்ச்சியற்ற தேமல், தடித்த நரம்பு, சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்குதல் ஆகியவை தென்பட்டால் வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அதற்கான கூட்டு மருந்து இலவசமாகவே கொடுக்கப்படுகிறது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை மூலம் நிமிர்த்தத் தொடங்கினார். நோய் விரலைத் தின்பதில்லை, உணர்வற்ற விரலில் கவனியாது ஏற்படும் காயங்களே அதனை அழிக்கின்றன என்று உலகுக்கு எடுத்துக் காட்டியவர் அவர். நம் மாநிலத்தில் நடந்த இந்தப் பணியின் பாடம் மணிக்கட்டுக் குகை நோயாளிக்கும் பொருந்தும். அடுப்பங்கரையில் சூடு தெரியாத விரலுக்குக் கண்தான் காவல்.

யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது?

நோய் புதிதன்று. மணிக்கட்டு எலும்பு முறிந்த பின் இந்நரம்பு நசுங்கியதை இங்கிலாந்தில் ஜேம்ஸ் பாகெட் என்பவர் 1854இலேயே எழுதி வைத்தார். 1913இல் பிரான்சு தேசத்தில் மாரி, ஃபுவா என்னும் இருவர் கட்டைவிரல் மேடு வற்றி இறந்த முதியவர் ஒருவரின் கையைத் திறந்து பார்த்தார்கள். பட்டையின் அடியில் நரம்பு இடுப்பொடுங்கியிருப்பதைக் கண்டு, முன்னமே பட்டையை வெட்டிவிட்டிருந்தால் பிழைத்திருக்குமே என்றார்கள். அந்த யோசனை பொது வழக்கத்துக்கு வர மேலும் முப்பது நாற்பது வருஷங்கள் ஆயின.

காரணம் ஒன்றே என்று சொல்வதற்கில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்; நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் மிகுதி. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் வந்து, பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, மூட்டுவாதம், உடற்பருமன் ஆகியவை இருந்தால் வாய்ப்பு மிகும். மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடியவர்களுக்கும் வரும். முறிவுக்குக் கட்டுப்போட்டபின் விரல்களில் மரப்பும் வலியும் மணிக்கு மணி ஏறினால் அது அவசர நிலை. கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் நரம்பு போய்விடும்.

வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்பதில் நெடுங்காலம் வழக்காடினார்கள். மேற்சொன்ன ஃபேலன் அவர்களே கை வேலையால் வருவதில்லை என்ற கட்சியில் இருந்தவர். பின்னர் 1997இல் அமெரிக்க அரசின் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும், அதனோடு பலம் கொடுத்துப் பிடிப்பதும் சேர்ந்தால் நோய் வருவதற்கு வலுவான சான்று உண்டு என்றும், அதிரும் கருவிகளுக்கும் தொடர்பு உண்டு என்றும் அது முடிவு கூறியது. என் அபிப்பிராயத்தில் நம் ஊர் வேலைகளுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்துகிறது. நிமிஷத்துக்கு எத்தனை முறை காம்பை அழுத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கருக்கரிவாளால் அறுப்பது, களைக்கொத்தால் கொத்துவது, முதுகில் மாட்டிய கைத்தெளிப்பானின் நெம்பை ஓயாமல் அடிப்பது, பீடி சுற்றுவது, தறி நெய்வது, பூக்கட்டுவது எல்லாம் அவ்வகையைச் சேர்ந்தவை. பவர் டில்லரும் களை வெட்டும் பிரஷ் கட்டரும் அதிர்வைக் கூட்டுகின்றன. நெல் அறுவடை பெரும்பாலும் இயந்திரத்துக்குப் போய்விட்டதால் அரிவாளின் சுமை முன்னைவிடக் குறைந்திருக்கிறது. கறவையின் சுமை குறையவில்லை.

சுவீடன் தேசத்தில் 1999இல் வெளியான கணக்கெடுப்பொன்றில், சோதனையால் உறுதிப்பட்ட நோயாளிகள் நூற்றுக்கு 2.7 பேர் என்று கண்டார்கள். அங்குள்ள வேலையும் உணவும் வேறு. இருப்பினும் ஆயிரம் பெரியவர்கள் உள்ள ஊராட்சியில் இருபது முப்பது பேர் என்று வைத்துக்கொண்டு தேடத் தொடங்குவதில் தவறில்லை.

சிகிச்சை

ஆரம்ப நிலையில் மிக எளிய சிகிச்சையே போதும். இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தி வைக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். உட்புறம் உலோகத் தகடோ பிளாஸ்டிக் தகடோ வைத்துத் தைத்த பட்டை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. விரல்கள் அசைய இடம் விட்டிருக்க வேண்டும், இறுக்கக் கூடாது, மணிக்கட்டு மேலேயும் வளையாமல் கீழேயும் மடங்காமல் நேராக இருக்க வேண்டும். சில பட்டைகள் கையை மேல்நோக்கி வளைத்தபடி வருகின்றன. தகட்டை நிமிர்த்திக்கொண்டு பயன்படுத்துங்கள். குறைந்தது ஆறு வாரம் விடாமல் கட்ட வேண்டும். நாலு நாள் கட்டிப் பார்த்துப் பயனில்லை என்று பரண்மேல் போட்டுவிடுவதே நம் வழக்கமாயிருக்கிறது.

பட்டையால் தீராதபோது, குகைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. இது பயிற்சி பெற்ற மருத்துவர் இடம் பார்த்துப் போட வேண்டிய ஊசி. நரம்பிலேயே குத்திவிட்டால் தீராத சேதம். பலருக்குச் சில வாரங்களோ மாதங்களோ நல்ல நிவாரணம் தரும். திரும்ப வருவதும் உண்டு. சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், முன்பே சொல்லிவிட வேண்டும். வலி மாத்திரைகள் இந்நோயைப் போக்குவதில்லை. வைட்டமின் மாத்திரையாலும் பயன் நிரூபணமாகவில்லை. சந்தையில் பெயர் தெரியாத பொட்டலத்தில் கொடுக்கும் மாத்திரையைத் தொடவே வேண்டாம். சிறுநீரகத்துக்கு யார் பொறுப்பு? தைராய்டு குறைவோ சர்க்கரையோ இருந்தால் அதற்கு மருந்து உட்கொள்வதும் இந்நோய்க்குச் சிகிச்சையின் ஒரு பகுதியே.

இவற்றால் குணமாகாதவருக்கும், உணர்வு எப்போதும் மங்கியே இருப்பவருக்கும், சதை வற்றத் தொடங்கியவருக்கும் அறுவைச் சிகிச்சையே வழி. பெயரைக் கேட்டதும் அஞ்ச வேண்டாம். முழு மயக்கம் தேவையில்லை. கையில் மட்டும் மரப்பூசி போட்டு, உள்ளங்கையின் அடியில் சிறிதாகக் கீறி, குறுக்கே உள்ள நார்ப்பட்டையை நீளவாக்கில் வெட்டிவிடுகிறார்கள். சிறுபாலத்தின் மூடுபலகையை விலக்குவது போன்றது. பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். வெட்டிய பட்டை சற்று அகன்ற நிலையில் மீண்டும் கூடிக்கொள்ளும். இரவு மரமரப்பு பலருக்குச் சில நாட்களிலேயே நின்றுவிடுகிறது. நெதர்லாந்தில் 176 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வு 2002இல் வெளியாயிற்று. 18 மாதங்களுக்குப் பின் அறுவை செய்துகொண்டவரில் நூற்றுக்கு 90 பேரும், பட்டை கட்டிக்கொள்ளுமாறு சொல்லப்பட்டவரில் நூற்றுக்கு 75 பேரும் தேறியிருந்தார்கள். பட்டைப் பிரிவினரில் பலர் இடையில் அறுவைக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்தே இக்கணக்கைப் பார்க்க வேண்டும். வற்றிப்போன சதை முழுவதும் திரும்பும் என்று மட்டும் யாரும் உறுதி கூறமாட்டார்கள்.

ஊராட்சி செய்யக்கூடியது

அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் 23ஆவது இனம் சுகாதாரம். 1992இல் நிறைவேறிய 73ஆவது திருத்தத்தால் ஊராட்சிகளுக்குரியவை என்று குறிக்கப்பட்ட இனங்களில் அதுவும் ஒன்று. சுகாதாரம் என்றால் சாக்கடை என்றே நம்மில் பலர் பொருள் கொண்டிருக்கிறோம். மே முதல் நாள் கூடும் கிராம சபையில், உழைப்பவரின் கையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினால் பொருத்தமாகவே இருக்கும். கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, இரவில் கை மரப்பவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவியுங்கள். பெயர் கொடுத்தவர்களுக்குச் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிட்டு, சந்தேகமுள்ளவர்களை ஒரே நாளில் ஒரே வண்டியில் மாவட்டத் தலைநகருக்கு அனுப்பலாம். நோயைவிடக் கொடிய தடை, ஒருநாள் கூலி போவதுதான். தனித்தனியே போனால் பதிவுச் சீட்டுக்கு ஒருநாள், சோதனைக்கு ஒருநாள், முடிவுக்கு ஒருநாள் என்று மூன்று நாள் கூலி போகிறது. முன்கூட்டியே மருத்துவமனையுடன் பேசி ஏற்பாடு செய்தால் அதனைக் குறைக்கலாம். 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவத் திட்டம், வட்டாரங்களில் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. பட்டை கட்டும் முறையையும் விரல் பயிற்சியையும் இயன்முறை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்வதே நலம்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மழுங்கிய அரிவாள் இரு மடங்கு பிடியைக் கேட்கும். சாணை பிடிக்கும் செலவு கையைக் காக்கும் செலவு. மெலிந்த கைப்பிடியைப் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிப் பருமனாக்கலாம். பிரஷ் கட்டரின் கைப்பிடி ரப்பர் தேய்ந்தால் மாற்றுங்கள். ஒருவரே நாள் முழுவதும் பிடியாமல் மணிக்கொருமுறை ஆள் மாறுங்கள். காண்டிராக்டாக நாற்று நடும் கோஷ்டியில் யாரும் ஓய்வெடுக்க விரும்புவதில்லை என்பது எனக்குத் தெரியும். அங்கே நாற்று பறிப்பவரும் நடுபவரும் வேலையை மாற்றிக்கொள்வதாவது நடக்கட்டும்.

கறவையில் திருத்தம் செய்ய நிறைய இடமுண்டு. கட்டைவிரலை மடித்து அதன் கணுவால் காம்பை நெரிப்பது நம்மிடையே பரவலான பழக்கம். காம்புக்குக் காயம் உண்டாகும் என்று கால்நடை மருத்துவர்கள் அதனை எத்தனையோ காலமாகக் கண்டித்து வருகிறார்கள். முழுக் கையாலும் காம்பைப் பற்றி, மேலிருந்து கீழாக விரல்களை ஒவ்வொன்றாக இறுக்கிக் கறப்பதே மாட்டுக்கு நல்லது. கட்டைவிரல் கணுவும் தப்பும். மணிக்கட்டு மடங்காத உயரத்தில் உட்கார வேண்டும். வெதுவெதுப்பான நீரால் மடியைக் கழுவித் தடவி, பால் சுரப்பு விட்டபின் கறந்தால் பாதி பலம் போதும். நாலைந்து மாடு வைத்திருப்போர் சிறிய கறவை இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழு இரண்டு மூன்று வீட்டாருக்குப் பொதுவாக ஒன்று வாங்கினாலும் உபயோகப்படும்.

அறுவைச் சிகிச்சைக்கு இணங்காத பெண்கள் சொல்லும் காரணம் ஒன்றே: "நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மாட்டை யார் கறப்பது?" நியாயமான கேள்வி. காலணா யோசனை என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பாலில்தான் குழந்தையின் பள்ளிச் செலவு நடக்கிறது. தையல் பிரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். விரல்களை மறுநாளிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும். சோறு பிசையலாம், எழுதலாம். தண்ணீர்க் குடம் தூக்கவும் மண்வெட்டி பிடிக்கவும் கறக்கவும் ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும். உள்ளங்கையின் அடியில் ஊன்றினால் வலிப்பது சிலருக்குச் சில மாதங்கள்கூட இருக்கும். கன்று ஈனுவதற்கு முன் மாட்டைக் கறவாமல் வற்றவிடும் காலம் சுமார் 60 நாள். ஒரு மாடு மட்டுமே உள்ள வீட்டில் அறுவைச் சிகிச்சையை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளலாம். இரு கையிலும் நோய் இருந்தால் முதலில் மோசமான கை, அடுத்த வற்றுக்காலத்தில் மற்றக் கை. சதை வற்றத் தொடங்கியவர் மட்டும் மாட்டின் நாளைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அவர்களுக்கு அந்த ஆறு வாரம் கறந்து கொடுக்கப் பக்கத்து வீட்டாரை ஏற்பாடு செய்வது வார்டு உறுப்பினர் செய்யக்கூடிய காரியம்தான். பெயர்ப் பதிவுக்கான தாள்கள் வாசலில் எழுத்தரிடம் இருக்கின்றன. ஊருக்கு இரண்டு வீதம் எடுத்துச் செல்லுங்கள்.